பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கிய கார்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

‘டர்போ’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நண்பர்கள் பலருக்குத் திரைப்படங்களில் சீறிப் பாயும் கார்கள் நினைவுக்கு வரலாம். அம்மாப்பேட்டையை அடுத்த எங்கள் சிற்றூரில் அச்சொல்லுக்கு அறுவடை என்றே பொருள். தை பிறந்ததும் சம்பா வயலில் வந்து இறங்குகிறதே பெல்ட் வண்டி, அதன் எஞ்சின் முழு மூச்சுடன் இழுக்கும்போது இரைச்சலுக்கு நடுவே மெல்லிய சீழ்க்கை ஒன்று கேட்கும். எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் ஒலி அது. அந்த ஒலியை வைத்தே வண்டி நலமாக இருக்கிறதா, நோயுற்றிருக்கிறதா என்று சொல்லிவிடுவார் என் அண்ணன். அவர் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். சென்ற கார்த்திகை மாதம் அவர் ஒரு பழைய டர்போ கார் வாங்கினார். அந்தக் கார் எங்கள் வீட்டிற்கு வந்த கதையை எழுதலாம் என்று எண்ணுகிறேன்.

அண்ணன் பத்தாம் வகுப்புத் தேறிய 2016-ஆம் ஆண்டை டெல்டாக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசே அறிவித்தது. நாங்கள் குத்தகைக்குச் செய்த இரண்டு மா நிலத்தில் பயிர் பாலேறும் முன்பே கருகிற்று. அந்தத் தை மாதத்தில் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த அறுவடை இயந்திரம் ஒன்றோடு, வைக்கோல் தட்டவும் டீசல் ஊற்றவும் கையாளாகப் போனவர்தான் அண்ணன். இரண்டு ஆண்டுகளில் ஓட்டுநரானார். இன்று அவர் ஓட்டுவது 68 குதிரைத்திறன் கொண்ட குபோட்டா பெல்ட் வண்டி. குறுவைக்கும் சம்பாவுக்கும் இங்கே. பிறகு ஆந்திரம், தெலங்கானா என்று வண்டி போகும் இடமெல்லாம் அவரும் போவார். நான் பள்ளி முடித்ததும், எங்கள் குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குள் நுழைந்ததும் அந்தச் சம்பளத்தில்தான். அரசு தரும் ‘தமிழ்ப் புதல்வன்’ ஆயிரம் ரூபாய் இப்போது என் பேருந்துக்கும் குறிப்பேடுகளுக்கும் ஆகிறது. அதற்கு முன்பு எல்லாம் அண்ணன்தான்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை இந்தக் கார். நெல்லூர்ப் பக்கம் அறுவடைக்குப் போயிருந்தபோது வயல்காரர் வீட்டுப் பிள்ளை தன் காரைச் சிறிது தூரம் ஓட்டக் கொடுத்திருக்கிறார். 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், டர்போ, 160 குதிரைத்திறன். “அது கார் இல்லடா தம்பி, யாரோ முதுகுல கையை வச்சுத் தள்ளுற மாதிரி இருக்கும்” என்று ஊருக்கு வரும்போதெல்லாம் சொல்வார். எட்டாண்டுச் சேமிப்பு ரூ.3,80,000 ஆனதும், பழைய கார் ஒன்றைப் பார்த்து வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார்.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. “ஏண்டா, மேல ஓடு எல்லாம் ஒழுவுது. அந்தக் காசுல ஒரு தளம் ஒட்டலாமே. மாடு வாங்குனா பாலாவது கறக்கும். இது பெட்ரோலத்தான் குடிக்கும்” என்றார். அதில் பொய் ஏது? நடுவில் நின்றவன் நான். ஏனெனில் அண்ணன் என்னிடம், “நீதான் படிச்சவன், நீ வந்து பார்த்துச் சொல்லு. நீ வேணாம்னா வேணாம்” என்று சொல்லிவிட்டார். மூன்றாம் ஆண்டு முடிந்ததும் எனக்கு எம்.எஸ்ஸி. படிக்க ஆசை. அரசுக் கல்லூரியிலேயே படித்தாலும் வெளியூரில் தங்குவதற்கும் உண்பதற்கும் இரண்டாண்டுச் செலவு இருக்கிறது. அந்தச் செலவுக்கு எங்கள் வீட்டில் இருந்த ஒரே பணமும் அதுதான். நான் ‘வேண்டாம்’ என்றால் அது காரைப் பார்த்துச் சொன்னதா, என் படிப்பைப் பார்த்துச் சொன்னதா? என் வாயிலிருந்து வரும் எந்தச் சொல்லையும் நானே நம்ப முடியாத நிலை. ஆகவே இரண்டு வாரம் உட்கார்ந்து அந்த எஞ்சினைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். காரின் நிறைகுறை தெரிந்துவிட்டால் பேசவேண்டியது நானல்ல, காரே பேசும் அல்லவா?

டர்போ புதிய சரக்கன்று. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூஹி 1905-லேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். விற்பனைக்கு வந்த கார்களில் அது ஏறியது 1962-இல், அமெரிக்காவில். நம் நாட்டில் 2004-இல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்., 2013-இல் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. என்று பெட்ரோல் டர்போக்கள் வந்தன. இன்று ஹூண்டாய் வெனியூ போன்ற சிறு கார்களிலும் அது இருக்கிறது. அதன் இயக்கம் நம் பாடத்தில் உள்ளதுதான். எஞ்சின் வெளித்தள்ளும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி உள்ளே அனுப்புகிறது. காற்று கூடினால் எரிபொருளையும் கூட்டலாம், ஆற்றலும் கூடும். வீணாய்ப் போகும் புகையைக் கொண்டே வேலை வாங்கும் இந்த உத்தியை நினைத்தால் வியப்பாக இருக்கிறது! அழுத்திய காற்று சூடேறும் என்பது வெப்ப இயற்பியல் வகுப்பில் நாம் கண்டதே. அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் ‘இன்டர்கூலர்’ என்ற குளிர்விப்பான் காரின் முன்புறத்தில் இருக்கிறது. நான் மனப்பாடம் செய்து எழுதிய வரைபடம் ஒன்று இப்படி ஒரு காரின் மூக்கில் உட்கார்ந்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் விலை கொடுத்து வாங்குபவன் அறிய வேண்டியது வேறு. நம் வீட்டு மின்விசிறி நிமிடத்திற்கு ஏறத்தாழ 350 சுற்று சுற்றும். டர்போவின் அச்சோ ஒன்றரை லட்சம் சுற்றைத் தாண்டும். ஒரு பக்கம் புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். இவ்வளவுக்கும் அந்த அச்சைத் தாங்குவது மிக மெல்லிய எண்ணெய்ப் படலமே. எண்ணெய் பழசானாலோ, குறைந்தாலோ, விரட்டி ஓட்டிவந்த வண்டியைச் சட்டென்று அணைப்பதால் உள்ளே நின்ற எண்ணெய் கருகிக் கட்டியானாலோ, டர்போவின் ஆயுள் முடிந்தது. புதிதில் 15 லட்சத்துக்கு மேல் விற்ற இத்தகைய கார்கள், பதினான்கு ஆண்டு கழித்து மூன்று லட்சத்துக்கு வருவதற்குக் காரணம் இந்த அச்சம்தான். அந்த அச்சம் இல்லையென்றால் அவை எங்களைப் போன்றவர்கள் வாசலுக்கு ஒருநாளும் வந்திரா.

இதையெல்லாம் ஒரு நாள் இரவு அண்ணனுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வயல்ல வண்டிய நிறுத்துறதுக்கு முன்னாடி மூணு நிமிஷம் சும்மா ஓட விடுவோமே, அதைத்தானே சொல்ற?” என்றார்.

முதலில் பார்த்தது திருச்சியில், பழைய கார் விற்பனை செய்யும் ஓர் இடத்தில். 2012-ஆம் ஆண்டு வண்டி; மீட்டரில் 68,000 கிலோமீட்டர்; விலை ரூ.2,60,000. பளபளவென்று மெழுகு பூசி நிறுத்தியிருந்தார்கள். எங்கள் தாத்தா உம்பளாச்சேரி மாடு பிடிப்பதில் பேர்போனவர் என்று அம்மா சொல்லுவார். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது; காசு கொடுக்கும் மாட்டைப் பல், சுழி, குளம்பு என்று எல்லாம் பார்த்தாக வேண்டும். அன்று அண்ணன் அப்படித்தான் பார்த்தார். பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஸ்டியரிங் தோல், கோயில் படிக்கட்டுக் கைப்பிடிபோல் மின்னியது. ஓட்டுநர் இருக்கையின் ஓரம் நைந்து தையல் விட்டிருந்தது. 68,000 கிலோமீட்டரில் இவ்வளவு தேயுமா? பிறகு எஞ்சின் மூடியின்மீது உள்ளங்கையை வைத்தவர், என்னை அருகே இழுத்து மெதுவாக, “நாம வர்றதுக்கு முன்னாடியே சூடு பண்ணி வச்சிருக்கானுவ” என்றார்.

சூடான எஞ்சின் தன் நோயை மறைத்துக்கொள்ளும். எனவே சாப்பிட்டு வருகிறோம் என்று சொல்லி இரண்டரை மணி நேரம் சத்திரம் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினோம். இப்போது முடுக்கியபோது மூன்று நான்கு விநாடி ‘கடகட’வென்று ஒரு சத்தம். அது டைமிங் செயின். எஞ்சினின் கீழ் அச்சையும் மேலே வால்வுகளை இயக்கும் அச்சையும் இணைக்கும் சங்கிலி அது. அதை இறுக்கிப் பிடிக்கும் கருவி தளர்ந்தால் இந்த ஒலி வரும். ஒரு பல் தாவிவிட்டால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். சிறிது நேரம் ஓடவிட்டு ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் பின்னால் நீலப்புகை வந்தது. கறுப்புப் புகை என்றால் எரிபொருள் மிகுதி. விடாத வெண்புகை என்றால் குளிர்விக்கும் நீர் எரிகிறது. நீலம் என்றால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தை விரலால் வழித்தார் அண்ணன். தார்போல் ஒட்டியது.

வேண்டாம் என்று சொல்லிக் கிளம்பினோம். அண்ணன் கால்களில் இருந்த ரப்பர்ச் செருப்பையும் என் துணிப்பையையும் பார்த்த அங்கிருந்த மனிதர், “உங்களுக்கெல்லாம் இந்த வண்டி எதுக்கு தம்பி? சின்னதா ஒண்ணு பாருங்க” என்றார். அண்ணன் பதில் சொல்லவில்லை. தஞ்சாவூர் வரும்வரை பேருந்திலும் பேசவில்லை. அம்மாவும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்; ஆனால் அம்மா சொன்னபோது வலிக்கவில்லை, இவர் சொன்னபோது எனக்கே வலித்தது. செலவைக் காட்டி ஒருவரை வேண்டாம் எனலாம். ஆளைக் காட்டி வேண்டாம் என்பதற்கு இவர் யார்?

இரண்டாவது கார் கும்பகோணத்தில். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவருடையது. 2011-ஆம் ஆண்டு வண்டி. ஓடியது 1,61,000 கிலோமீட்டர். கேட்ட விலை ரூ.3,40,000. முதல் காரைவிட ஓராண்டு பழசு, இரு மடங்குக்கு மேல் ஓட்டம், விலையும் கூட! கணக்குப் போட்டுப் பார்த்தால் போகவே வேண்டியதில்லை. ஆனால் அவர் தொலைபேசியில், “காலையில ஆறு மணிக்கே வாங்க, வண்டியை நான் தொடாம வச்சிருக்கேன்” என்று சொன்னாராம். அந்த ஒரு பேச்சுக்காகவே அண்ணன் கிளம்பிவிட்டார்.

போனதும் அவர் காரைக் காட்டவில்லை. நூல் கட்டிய கோப்பு ஒன்றையும் நீல அட்டைக் குறிப்பேடு ஒன்றையும் எடுத்துவந்து திண்ணையில் வைத்தார். பதினான்கு ஆண்டு எண்ணெய்க் கணக்கு அதில் இருந்தது. கம்பெனி 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொன்னதை இவர் 7,500-க்கு ஒருமுறை மாற்றியிருக்கிறார். 1,04,000-இல் டைமிங் செயினும் அதன் இறுக்கியும் புதிது. 1,30,000-இல் கிளட்ச். ஒவ்வொன்றுக்கும் ரசீது. மீட்டரை யாரும் திருப்பவில்லை என்பதற்கு அந்த ரசீதுகளில் ஏறிக்கொண்டே போன எண்களே சாட்சி. நம் ஆய்வகப் பதிவேட்டை நான் ஒருநாளும் அவ்வளவு ஒழுங்காக எழுதியதில்லை.

“எதுக்கு இந்த வண்டிய வாங்குறீங்க?” என்று அவர் கேட்டார்.

“ஓட்டத்தான் சார்” என்றார் அண்ணன்.

அவர் சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

எஞ்சின் மூடி பனியில் நனைந்து சில்லென்று இருந்தது. முடுக்கியதும் ஒரே சீரான ஒலி. சங்கிலிச் சத்தம் இல்லை, புகை இல்லை. அண்ணன் காற்றுக் குழாயைக் கழற்ற அனுமதி கேட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, டர்போவின் சக்கரத்தை விரலால் அசைத்துப் பார்த்தார். பக்கவாட்டில் நூலளவு ஆட்டம் இருக்கலாம்; முன்பின் ஆட்டம் இருக்கக் கூடாது. இல்லை. டயர்கள் மட்டும் வயதானவை. டயரின் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். அது ‘3418’ என்றது.

தஞ்சாவூர் நோக்கிப் போகும் புதிய நான்கு வழிச் சாலையில் ஓட்டினோம். 1,500 சுற்று வரை அது சாதாரணக் கார்தான். அதைத் தாண்டியதும்... அண்ணன் சொன்னது உண்மை. யாரோ முதுகைத் தள்ளினார்கள்! விசையும் முடுக்கமும் நேர்விகிதத்தில் உள்ளன என்பதை நானும் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். முதுகெலும்பில் அன்றுதான் படித்தேன். அண்ணன் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஒன்பது ஆண்டாகத் தூசியும் உமியும் அப்பிய முகமாகவே நான் கண்ட அந்த முகத்தில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

திரும்பி வந்ததும், வீட்டுக்கார ஐயா உள்ளே போன நேரத்தில், “டேய், நீ சொல்லு” என்றார்.

பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். வண்டி நல்லது. டயர் நான்குக்கும் ரூ.24,000 ஆகும். காப்பீடு தனி. வாகனப் பதிவு 15 ஆண்டுக்குத்தான்; 2026 ஆகஸ்டில் முடிகிறது. புதுப்பிக்கும் கட்டணம் மட்டும் ரூ.5,000, அதற்கு முன் தகுதிச் சோதனையில் தேற வேண்டும். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கிடைத்தால் பெரிது; பெட்ரோலோ நூறு ரூபாயைத் தாண்டியது. நாளைக்கே டர்போ போனாலும் கலங்காதிருக்க வாங்கிய பின்னும் நாற்பதாயிரம் கையில் இருக்க வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு, “இந்த வண்டிய வாங்கலாம்ண்ணே” என்றேன். சொன்ன பிறகுதான் என் வயிற்றுக்குள் ஏதோ இறங்கியது. அதை அண்ணன் எப்படிக் கண்டாரோ, “உன் படிப்புக்கு இன்னும் ரெண்டு சம்பா இருக்குடா” என்றார்.

பேரம் பேசி ரூ.3,15,000-க்கு முடிந்தது. படிவம் 29, 30 இரண்டிலும் அங்கேயே கையொப்பம் வாங்கினோம். வண்டிமீது வங்கிக் கடன் ஏதும் இல்லை என்பதைப் பதிவுச் சான்றிலும் அரசின் இணையதளத்திலும் பார்த்துக்கொண்டேன். பழைய வண்டி வாங்கும் நண்பர்கள் இதை மறக்க வேண்டாம். கடன் தீர்ந்தும் பதிவில் நீக்காமல் விட்டிருந்தால் படிவம் 35 வேண்டும். பெயர் மாற்றத்தைப் பதினான்கு நாளுக்குள் தெரிவித்துவிட வேண்டும், காப்பீட்டையும் அவ்வாறே. படித்தவன் என்ற பெயருக்கு நான் செய்த வேலை என்றால் இதுதான். மற்றதெல்லாம் அண்ணனின் விரலும் காதும் செய்தவை.

அடுத்த ஞாயிறு அம்மாவை ஏற்றிக்கொண்டு புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. வழியில் ஒரு முறைதான் அண்ணன் முழுதாக அழுத்தினார், அம்மா கதவுப் பிடியை விடாமல் “மெதுவாப் போடா” என்றவர், பத்து நிமிடம் கழித்து “இன்னொரு தடவை அது மாதிரி போவியா?” என்றார். கோயில் வாசலில் நின்ற பிறகும் எஞ்சினை அணைக்காததைக் கண்டு, “அதான் வந்தாச்சே, ஏன் உறுமிக்கிட்டே நிக்கிது?” என்று கேட்டார்.

“மூச்சு வாங்குதும்மா” என்றார் அண்ணன்.

தளம் ஒட்டும் பேச்சை அம்மா விட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். மழை பெய்யும்போதெல்லாம் அண்டாவை ஒழுகும் இடத்தில் வைத்துக்கொண்டே காரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இருப்பதில்லை. பெட்ரோலும் ஒரு கவலைதான். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. 2011-ஆம் ஆண்டு வண்டி அதற்கென்று செய்யப்பட்டதன்று. ரப்பர்க் குழாய்களை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். கரும்பிலிருந்து மட்டுமன்றி இந்திய உணவுக் கழகத்தின் அரிசியிலிருந்தும் எத்தனால் எடுக்கிறார்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். “அப்ப நான் அறுத்த நெல்லைத்தான் எனக்கே லிட்டர் நூறு ரூபாய்க்கு ஊத்துறானுவளா?” என்றார்.

இதை எழுதும்போது அவர் திருத்துறைப்பூண்டிப் பக்கம் சம்பா அறுவடையில் இருக்கிறார். இரவு இரண்டு மணி வரை வண்டி ஓடுகிறதாம். கார் எங்கள் பழைய மாட்டுக் கொட்டகையில் நிற்கிறது. ஞாயிறு தோறும் நான் அதை முடுக்கிப் பதினைந்து நிமிடம் ஓடவிட வேண்டும் என்பது அண்ணன் கட்டளை. அந்நேரம் பார்த்து அவரே அழைப்பார். கைப்பேசியை எஞ்சின் அருகே பிடிக்கச் சொல்வார். சென்ற ஞாயிறும் பிடித்தேன். வெகுநேரம் பேச்சே இல்லை. பிறகு, “என்னடா அது, இடப்பக்கம் ஏதோ கொக்கரிக்கிற மாதிரி கேக்குது?” என்றார்.

“அது கோழிண்ணே” என்றேன்.